ஏப்ரல் பனியில் மூன்று ஓட்டம்

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்துமூன்று வயது. பெயர் சாம்பவி. சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்தவள். நடக்கப் பழகிய கையோடு பனியில் சறுக்கவும் பழகிவிட்டாள்.

சீடருக்கு நாற்பத்தொன்பது. பெயர் குகநேசன்; எல்லோருக்கும் நேசன். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து வந்தவர். பனியை முதன்முதல் கண்டது விமான நிலையத்தின் ஜன்னலுக்கு வெளியே. அன்றைக்கு அதன் மேல் அவருக்கு ஆசை ஒன்றும் வரவில்லை. காலில் செருப்பு மட்டுமே இருந்தது.

அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘அண்ணை’ என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகைகளை விற்கும் பள்ளத்தாக்குக் கடைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு சிறு புத்தகம் போடுவார்கள். வரப்போகும் குளிர்காலத்துக்கு எந்த ஸ்கீ யாருக்குச் சரி என்று அதில் இருக்கும். சனங்கள் அதை வாசித்துவிட்டுத்தான் கடைக்கு வருவார்கள். அதற்காக ஓடிப் பார்த்து எழுதும் குழுவில் நான்கு பேர். அதற்குத் தலைவி சாம்பவி. அந்த ஏப்ரலில் ஓர் இடம் காலியாகியிருந்தது.

அந்த இடத்தைத்தான் நேசன் கேட்டார்.

பதினொரு ஆண்டுகளாக அவர், மலைக்கு ஆட்களை ஏற்றும் லிஃப்ட் நிலையத்தின் கீழ்த்தளப் பட்டறையில் ஸ்கீக்களுக்கு விளிம்பு தீட்டி, மெழுகு பூசிக் கொடுத்தவர். மேலே ஓடுகிறவர்கள் கீழே வந்து, ‘இது பிடிக்கவில்லை, அது இழுக்கிறது’ என்று போட்டுவிட்டுப் போவார்கள். அவர் தலையாட்டுவார். நாற்பது வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் விழுந்து விழுந்து தானும் பழகினார். கடைசி இரண்டு குளிர்காலம் சாம்பவியிடம் கற்றார். இப்போது நன்றாகவே ஓடுவார். ஆனாலும் ஒரு ஸ்கீயைப் பற்றி அவருடைய அபிப்பிராயத்தை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

“ஒரு நாள் வந்து ஓடி எழுதுங்கோ அண்ணை, பாப்பம்,” என்று சாம்பவி சொன்னாள்.

கிடைத்தது பருவத்தின் கடைசி நாள். மறுநாள் லிஃப்ட் ஓடாது.

காலை எட்டரைக்கு இருவரும் லிஃப்டில் தொங்கியபடி மேலே போனார்கள். கால்களுக்குக் கீழே பைன் மரங்கள் நகர்ந்தன. தெற்குச் சரிவில் பனி உருகிப் பழுப்புப் புல் தெரிந்தது.

“டீச்சர், ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்கோ.”

“நான் ஓடேக்க நல்லாப் போகுது எண்டு வையுங்கோ. அது ஸ்கீ நல்லதோ? நான் நல்லா ஓடினனோ? இல்லாட்டிப் பனி நல்லா இருந்ததோ? மூண்டும் ஒண்டாத்தானே கீழ வருது. இதில எதுக்கு மாக்ஸ் போடுறது?”

சாம்பவி கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஓடிப்போட்டு எழுதுங்கோ,” என்றாள்.

“அது எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சால் நல்லதுதானே.”

இது பதில் இல்லை என்று நேசனுக்குப் பட்டது. குருமாருக்கு எங்கும் இதே பழக்கம்தான். கேட்டதற்கு நேரே பதில் சொன்னால் மரியாதை குறைந்துபோகும் என்று நினைப்பார்களோ என்னவோ.

மேலே ஒரு மரக் குடில். அதன் சுவரோரம் பன்னிரண்டு சோடி ஸ்கீக்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே நீளம், காலணியைப் பூட்டும் பைண்டிங்கும் ஒன்றே. முகப்பு முழுக்கக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. முனையில் வெள்ளை ஸ்டிக்கரில் ஓர் இலக்கம் மட்டும்.

ரேஸ் ஓடுகிறவர்களின் ஸ்கீயைப் பார்த்துச் சாதாரண ஆட்களுக்காகச் செய்த வகை இது. நடு ஒடுக்கம், முன்னும் பின்னும் அகலம். உடம்பைச் சாய்த்தால் எஃகு விளிம்பு பனியை வெட்டிக்கொண்டு வளைந்து போகும். வழுக்கிச் சமாளித்துத் திரும்புகிற வேலையெல்லாம் இதனிடம் செல்லாது.

“சட்டம் தெரியும்தானே?” என்று சாம்பவி கேட்டாள்.

“சொல்லுங்கோ, இன்னொருக்காக் கேக்கிறன்.”

“டேப்பைக் கழட்டக் கூடாது. அடியைத் திருப்பிப் பாக்கக் கூடாது, அங்க கொம்பனியின்ர பேர் இருக்கும். ஓடி முடிச்ச உடனை அந்த வாங்கில இருந்து எழுத வேணும். கோப்பி குடிக்க முதல். ஆரோடையும் கதைக்க முதல். எழுதின தாளை ஆருக்கும் காட்டாமல் உங்கட பொக்கற்றுக்க வைச்சிருங்கோ. பின்னேரம் நான் வாங்குவன்.”

அவள் ஒரு பென்சிலைக் கொடுத்தாள். குளிரில் பேனை எழுதாது.

“டொச்சில எழுத வேணுமோ?” என்று நேசன் தயங்கினார். ஜெர்மன் மொழியை அங்கே தமிழர்கள் டொச் என்பார்கள். அவருடைய டொச் பட்டறையில் பொறுக்கியது. திருகாணி, மெழுகு, நாளைக்கு வாங்கோ. அந்த அளவுக்குத்தான் அது ஓடும்.

“தமிழில எழுதுங்கோ. நான் டொச்சில மாத்துறன்,” என்றாள் சாம்பவி.

ஒன்பது மணிக்கு அவள் அவருக்கு நான்காம் இலக்கச் சோடியைக் கொடுத்தாள்.

இரவு உறைந்த பனி அப்போதும் உறைந்தேதான் கிடந்தது. தடியால் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. முதல் வளைவில் நேசன் பயத்தோடு கொஞ்சம்தான் சாய்ந்தார். விளிம்பு பிடித்தது. அடுத்த வளைவில் இன்னும் சாய்ந்தார். அதற்கும் பிடித்தது. நாலாவது வளைவில் தொடை நிலத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. வேகம் கூடியது, ஆனால் காலடியில் ஒரு நடுக்கமும் இல்லை. கீழே வந்து நின்றபோது அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தனியே நின்று சிரித்தார்.

திரும்ப மேலே வந்து, குடில் ஜன்னலுக்கு வெளியே கிடந்த மரப் பெஞ்சில், அந்த வாங்கில், இருந்தார். பக்கத்தில் ரெட்டோ இருந்தான். குழுவின் மூத்த ஆள். இளமையில் நாட்டுக்காக ரேஸ் ஓடிப் பதக்கம் வாங்கியவன். அவனுக்குச் சட்டம் எல்லாம் மற்றவர்களுக்காக.

“நாலா ஓடினாய்?” என்று ரெட்டோ டொச்சில் கேட்டான். “உனக்கு முன்னால் நான்தான் ஓடினேன். அதில் உயிரே இல்லை. ரேஸ் என்று சொல்லிச் சனங்களை ஏமாற்றுகிறார்கள்.”

நேசனின் பென்சில் நின்றது.

பதக்கம் வாங்கிய மனிதன் சொல்கிறான். தான் யார்? நேற்று வரை இவனுடைய ஸ்கீயின் அடியைச் சுரண்டியவன். பிறகு அழுத்தி எழுதினார்.

‘கத்தி. சாய்த்த இடத்தில் நிற்கிறது. எவ்வளவு கேட்டாலும் தருகிறது. இன்றைக்கு நான் என் வயதை மறந்தேன்.’

“என்ன எழுதினாய்?” என்றான் ரெட்டோ.

“சொல்லக் கூடாது.”

“நான் சொன்னதையா?”

“நான் ஓடினதை,” என்றார் நேசன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பதினொரு மணி ஓட்டத்துக்கு முன் குடில் வாசலில் சாம்பவியைப் பிடித்தார்.

“டீச்சர், ரெட்டோ சொல்லுறது சரியோ?”

“ரெட்டோவின்ர காலுக்குச் சரி.”

“அப்ப என்ர காலுக்கு?”

“அது உங்கட பொக்கற்றுக்கதானே இருக்கு,” என்று சொல்லி, ஏழாம் இலக்கச் சோடியை அவர் முன் போட்டாள்.

அதற்குள் வெயில் ஏறியிருந்தது. மேற்பனி ஒரு விரல் ஆழத்துக்கு இளகி, பால் பிழிந்த தேங்காய்ப்பூ மாதிரிக் கிடந்தது. அடியில் இன்னும் உறுதி. வசந்தத்தில் ஒரு நாளைக்கு இப்படி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதற்காகவே லீவு போட்டுவிட்டு மலைக்கு வருகிறவர்கள் உண்டு.

நேசன் இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு வளைவில் பின்னால் சரிந்துவிட்டார். கெட்டது போ என்று நினைத்தார். ஒன்றும் கெடவில்லை. ஸ்கீ அவரைத் தாங்கிக்கொண்டு தன்பாட்டில் போனது. இன்னொரு வளைவில் வலது காலைப் பிந்தி எடுத்தார். அதையும் அது பொறுத்துக்கொண்டது.

வாங்கில் இருந்து எழுதினார்.

‘நல்ல மனசுள்ள ஸ்கீ. பிழை விட்டாலும் ஏசாது. நாலைப் போல வெட்டாது. இதில் நாள் முழுக்க ஓடலாம். மனைவிக்கும் கொடுக்கலாம்.’

எழுதிவிட்டுத் திருப்தியாகக் கோப்பி குடித்தார். இரண்டு ஸ்கீக்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எவ்வளவு துல்லியமாகப் பிடித்துவிட்டேன் என்று தன்னை நினைத்துப் பெருமைப்பட்டார். பதினொரு வருடம் சும்மா போகவில்லை. கைக்குத் தெரிந்தது காலுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒன்றரை மணிக்கு அவர் காலில் மாட்டியது ஒன்பதாம் இலக்கம்.

பனி இப்போது கூழாகியிருந்தது. லிஃப்ட் ஓடும் கம்பத்தடியில் தண்ணீர் தேங்கி நின்றது. காலைக் குளிருக்குப் பூசிய மெழுகு இந்த ஈரத்துக்குப் பொருந்தாது. அடி இழுத்தது. நேசன் வழக்கம்போலச் சாய்ந்தார். விளிம்பு ஆழமாக உள்ளே போனது. போனது வெளியே வரவில்லை. அவர் இடப்பக்கம் திரும்ப நினைக்க, வலது ஸ்கீ தான் பிடித்த பாதையிலேயே போனது. முழங்கால் ஒரு பக்கம் முறுகியது. அடுத்த கணம் முகம் பனிக்குள் கிடந்தது.

எழுந்து உட்கார்ந்தார். முழங்காலைத் தடவினார். நோவு இருந்தது, ஆனால் மடங்கியது. பெரிதாக ஒன்றும் இல்லை.

கழன்ற ஸ்கீ பக்கத்தில் கிடந்தது. ஈரத்தில் ஊறி அதன் வெள்ளை ஸ்டிக்கரின் மூலை எழும்பியிருந்தது. ஒட்டிவிடலாம் என்று விரலை வைத்தவர், அடியில் இன்னொரு ஸ்டிக்கரைக் கண்டார்.

உரித்தார். ஏழு.

அதையும் உரித்தார். நாலு.

நேசன் அந்தச் சரிவிலேயே நெடுநேரம் இருந்தார்.

கத்தி என்று எழுதியதும் இதைத்தான். நல்ல மனசு என்று எழுதியதும் இதைத்தான். இப்போது வாயில் வந்த சொல்லை எழுதினால், இதையே கழுதை என்றும் எழுத வேண்டும். டீச்சர் பொறி வைத்திருக்கிறாள். தான் காலையிலிருந்து அதற்குள் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். பதினொரு வருடம் விளிம்பு தீட்டியவன், ஒரே சோடியை மூன்று சோடி என்று நம்பினானாம். பட்டறையில் இந்தக் கதை இரண்டு குளிர்காலத்துக்கு ஓடும். இடமும் கிடையாது, மானமும் கிடையாது.

ஸ்டிக்கர்களைப் பழையபடி ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்தி ஒட்டினார். மேலே வந்தார். வாங்குக்குப் போகவில்லை. குடிலின் பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார்.

பென்சிலின் பின்முனையில் ரப்பர் இருந்தது.

முதல் தாளை எடுத்து அழித்தார். ‘வயதை மறந்தேன்’ என்ற இடத்தில் கை கொஞ்சம் தயங்கியது. அதையும் அழித்தார். இரண்டாவது தாளையும் அழித்தார். பிறகு மூன்று தாளிலும் எழுதினார்.

‘நடுத்தரமான பிடி. ஓரளவு சுகம். எல்லாப் பனியிலும் நம்பி ஓடலாம்.’

மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று, ஒன்றில் ‘ஓரளவு’ என்பதை ‘அளவான’ என்று மாற்றினார். இன்னொன்றில் வசனத்தை முன்பின்னாகப் போட்டார். மனுசன் பயந்தால் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது!

இரண்டே முக்காலுக்குச் சாம்பவி அவரைக் குடிலுக்குள் கூப்பிட்டாள். ரெட்டோ கீழே போய்விட்டான். வெளியே ஆட்கள் சரிவின் ஓர அடையாளக் கொடிகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குக் கடைசி லிஃப்ட். அதில் தாள்கள் எல்லாம் ஒரு கடித உறைக்குள் கீழே போக வேண்டும்.

அவள் மூன்று தாளையும் வாசித்தாள்.

“எல்லாம் வடிவா ஒத்து வருது.”

“ஓம் டீச்சர்.” நேசன் சிரித்தார். “ஒரே சோடி எண்டு எனக்கு விளங்கிட்டுது.”

“எப்ப விளங்கினது?”

“முதலே ஒரு சந்தேகம்…”

சாம்பவி முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள்.

“அண்ணை, நீங்கள் நல்லா அழுத்தி எழுதுவீங்கள்.”

நேசனுக்குக் காது சுட்டது.

அவள் ஒரு பென்சிலைப் படுக்கவைத்துத் தாளின் மேல் மெதுவாகத் தேய்த்தாள். சாம்பல் நிறம் பரவியது. புதிய எழுத்துக்கு இடையில் பழைய பள்ளங்கள் வெள்ளையாக எழும்பின. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் அவளுடையது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

“க… த்… தி. கத்தி. சாய்த்த இடத்தில் நிற்கிறது.” தேய்த்தாள். “எவ்வளவு கேட்டாலும் தருகிறது.” இன்னும் தேய்த்தாள். “இன்றைக்கு நான் என் வயதை மறந்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

“இது பொய்யோ?”

“இல்லை.”

இரண்டாவது தாளைத் தேய்த்து வாசித்தாள். மனைவிக்கும் கொடுக்கலாம் என்பது வரை வாசித்தாள்.

“இது?”

“அதுவும் பொய்யில்லை.”

“ஒண்டரைக்கு என்ன நடந்தது?”

“விழுந்தன். விளிம்பு கூழுக்க போய்ப் பிடிச்சுது, பேந்து விடேல்லை. முழங்கால் திரும்பிட்டுது.”

“அதை எழுதினீங்களோ?”

“இல்லை.”

“‘எல்லாப் பனியிலும் நம்பி ஓடலாம்.’ இது எந்த நேரம் நடந்தது?”

நேசன் தரையைப் பார்த்தார். சப்பாத்திலிருந்து உருகிய தண்ணீர் பலகைமேல் பரவியிருந்தது.

“எந்த நேரமும் நடக்கேல்லை,” என்றார்.

“பேந்து ஏன் எழுதினீங்கள்?”

“ஒரு சோடிக்கு மூண்டு விதமா எழுதினால், இவனுக்கு விசர், இவனுக்கு ஸ்கீயே தெரியாது எண்டு நினைப்பீங்கள் எண்டு பயந்து போனன். எனக்கு இந்த இடம் வேணும் டீச்சர். நான் ஒளிக்கேல்லை. வேணும்.”

சாம்பவி மூன்று தாளையும் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இதில ஸ்கீ இருக்கு அண்ணை. பனியைக் காணேல்லை.”

பிறகு நேசனுக்குக் கோபம் வந்தது. வெட்கப்படுகிறவனுக்கு அடுத்ததாக வருவது அதுதான்.

“ஏன் ஒரே சோடியை மூண்டு தரம் தந்தனீங்கள்? என்னைப் பிடிக்கத்தானே?”

“புதுசா வாற எல்லாருக்கும் நம்பரை மாத்தித்தான் குடுக்கிறனான். ஒரே சோடி எண்டு தெரிஞ்சால் காலமை எழுதினதைப் பாத்துத்தான் மத்தியானம் எழுதுவினம்.”

“எழுதினால் என்ன?”

சாம்பவி கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தாள்.

“நாலு வருஷத்துக்கு முன்னம் நான் ஒரு சோடி ஓடினனான். இதே மாதிரிச் சோடி. ‘எல்லாப் பனியிலும் நம்பலாம்’ எண்டு எழுதினன். புத்தகத்தில வந்தது. அடியில என்ர பேர். அடுத்த ஏப்ரல் ஒரு மனுசி இங்க வந்தவ. நேர்ஸ். கக்கத்தில ரெண்டு ஊன்றுகோல். கையில புத்தகம். நான் எழுதின வரிக்குக் கீழ கோடு போட்டிருந்தவ.”

“ஏசினவவோ?”

“இல்லை. நீங்கள் எத்தனை மணிக்கு ஓடினீங்கள் எண்டு கேட்டவ. வேற ஒண்டும் கேக்கேல்லை.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஒன்பது மணிக்கு எண்டு சொன்னன்.”

“அதுக்கு?”

“‘எனக்கு வேலை முடியிறது ஒண்டரைக்கு. நான் ரெண்டு மணிக்குத்தான் மலைக்கு வருவன்’ எண்டா.”

நேசன் தன்னையறியாமல் முழங்காலைத் தடவினார். அந்த நேர்ஸின் சோடி பட்டறைக்கு வந்திருக்குமோ, அவருக்கு நினைவில்லை. எத்தனையோ வந்தன. எதைப் பற்றியும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“புதுத் தாள் இருக்கோ?” என்றார்.

அவள் மூன்று தாள் கொடுத்தாள்.

அவர் மேசையில் குனிந்து எழுதினார். முதல் தாளின் தலையில் ஒன்பது மணி என்று போட்டார். உறைபனி என்று போட்டார். சாம்பல் பூசிய தாளைப் பார்த்து, அழித்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொண்டுவந்தார். ரெட்டோவுக்கு உயிரில்லாத ஸ்கீ தனக்கு ஏன் கத்தியானது என்று யோசித்து, தன் எடையையும், எத்தனை வயதில் ஓடப் பழகினார் என்பதையும் ஓரத்தில் சேர்த்தார். இரண்டாவது தாளும் அப்படியே. மூன்றாவதுக்குப் பார்த்து எழுத ஒன்றும் இருக்கவில்லை. அதில் எழுதினார்.

‘பிற்பகல் ஒன்றரை. கூழ்ப்பனி. விளிம்பு உள்ளே போனால் வெளியே வராது. திரும்பச் சொன்னாலும் கேட்காது. நான் விழுந்தேன். முழங்கால் பலமில்லாதவர்கள் இந்த நேரத்தில் இதைத் தொடவே வேண்டாம்.’

எழுதி முடிக்க மூன்றரை ஆகிவிட்டது. வெளியே லிஃப்ட்காரன் ஒரு முறை விசில் அடித்தான்.

சாம்பவி தாள்களை வாசித்தாள். ‘தொடவே வேண்டாம்’ என்ற இடத்தில் தலையை ஆட்டினாள். தன் ஃபைலைத் திறந்து உறையை எடுத்தாள். கூடவே இன்னொரு தாளும் வந்தது. அதில் நேசனின் பெயர் இருந்தது. குழுவில் சேர்க்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி. ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி. அந்த அளவு டொச் நேசனுக்கு வாசிக்கத் தெரியும்.

ஓம் என்ற பெட்டியில் பென்சிலால் அடையாளம் போட்டிருந்தது. பக்கத்தில் நேரம். ஒன்பது இருபத்தைந்து.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், இது எப்ப போட்டது?”

“அதில இருக்குத்தானே.”

“காலமையோ? நான் ஒரு சோடிதானே ஓடினனான். தாளைக்கூட நீங்கள் வாசிக்கேல்லை.”

“வாசிக்கேல்லை. ரெட்டோ சொல்ல, நீங்கள் பென்சிலை நிப்பாட்டினீங்கள். பேந்து எழுதினீங்கள். ஜன்னலால பாத்தனான். ‘நான் ஓடினதை’ எண்டு நீங்கள் அவனுக்குச் சொன்னதும் கேட்டுது.”

அவள் அந்தத் தாளை எடுத்து, அடையாளத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். எழுதிக்கொண்டே வாய்விட்டுத் தமிழில் சொன்னாள், அவருக்கு ஒளித்து எழுத விரும்பாதவள் போல.

“மூன்றரை மணி. இரண்டு தாளை அழித்து மாற்றினார். கேட்டபோது சொன்னார். திரும்ப எழுதினார்.”

நேசன் கேட்டது காலையிலேயே கிடைத்துவிட்டது. கிடைத்தது தெரியாமல், அதைப் பெறுவதற்காகத்தான் விறகுக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து ரப்பரைத் தேய்த்திருக்கிறார். பதினொரு வருடத்தில் இப்படி ஒருநாளும் அவர் தன்னை நினைத்து வெட்கப்பட்டதில்லை. கண் கலங்கியதைத் துடைக்கவும் இல்லை.

“டீச்சர், அந்த ஓம் என்னைத் தெரியாமல் போட்டது. இப்ப என்னைத் தெரியும்தானே. நான் நல்ல ஆளில்லை. அதை எடுத்துப்போட்டு, இல்லை எண்டு போடுங்கோ.”

தன் பென்சிலை எடுத்து, ரப்பர் உள்ள முனையை அவள் பக்கமாக நீட்டினார்.

சாம்பவி பென்சிலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஒன்பது இருபத்தைஞ்சுக்கு நடந்ததை அழிக்கச் சொல்லுறீங்களோ, அண்ணை?”